ஒரே வீட்டில் நாலு பேருக்கு நாலு கெடு

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். நாங்கள் அமெரிக்காவில் டல்லஸ் பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் திருச்சி. நான் எச்-1பி வேலை விசா, மனைவியும் மகளும் அதைச் சார்ந்த எச்-4 விசா. பையன் இங்கேதான் பிறந்தான், ஆறு வயது. மகளுக்குப் பதினாறு. கம்பெனி எனக்காகப் போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகி கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். 2024 ஜனவரியில் தங்கை கல்யாணம் முடிந்து எல்லோரும் இந்தியாவிலிருந்து திரும்பினோம். போன மாதம் மனைவி டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, கவுன்டரில் இருந்த பெண்மணி கணினியைப் பார்த்துவிட்டு, நீங்கள் தங்குவதற்கான அனுமதி 2024 ஆகஸ்ட் 18-ஆம் தேதியே முடிந்துவிட்டது என்றாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் உண்மைதான். மகளுக்கு 2025 மார்ச் 2. இரண்டுமே அவரவர் பழைய பாஸ்போர்ட் முடிந்த தேதி. பாஸ்போர்ட்டை ஹூஸ்டன் தூதரகம் வழியாக அப்போதே புதுப்பித்துவிட்டோம், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம். விசா ஸ்டாம்ப் 2026 செப்டம்பர் வரை இருக்கிறது. 2024 மே மாதம் நான் கம்பெனி மாறியபோது, குடும்பத்துக்கும் எக்ஸ்டென்ஷன் போடவா என்று கம்பெனி வக்கீல் மின்னஞ்சலில் கேட்டார். ஸ்டாம்ப்தான் இருக்கிறதே என்று நான்தான் வேண்டாம் என்றேன். எனக்குப் பிரச்சினை இல்லை. 2025 பிப்ரவரியில் மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் மட்டும் ஒரு வாரம் போய்வந்தேன். அவருக்கு இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மனைவி உடனே கிளம்ப வேண்டும் என்கிறாள். சென்னையில் ஸ்டாம்ப் போட்டுத் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் பாஸ்போர்ட்டும் 2026 மார்ச்சில் முடிகிறது, அதையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று 2025 டிசம்பர் 14-க்கு நாலு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். போகலாமா?

பதில்:

நாலு டிக்கெட் எடுக்காதீர்கள். இரண்டு எடுக்கலாம், அதுவும் டிசம்பர் 14 என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். யார் அந்த இரண்டு பேர் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் நண்பர்கள் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அது பொய் இல்லை, உங்கள் மகள் விஷயத்தில் அது முழுக்கச் சரி. உங்கள் மனைவி அதே யோசனையைக் கேட்டு விமானம் ஏறினால் பத்து வருடம் திரும்ப முடியாமல் போகலாம். ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே கல்யாணத்துக்குப் போய் ஒரே விமானத்தில் திரும்பினீர்கள். ஆனால் சட்டம் உங்களைக் குடும்பமாகப் பார்க்காது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நாள் எண்ணுகிறது. நாட்டில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சாஃப்ட்வேர்காரர்களுக்குக்கூட, சொல்லப்போனால் அவர்களுக்குத்தான்.

உங்கள் கையில் மூன்று தேதிகள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டாம்ப், கதவைத் தட்டலாம் என்ற அனுமதி, அவ்வளவுதான். ஐ-797 என்ற ஒப்புதல் தாள், உங்கள் கம்பெனி போட்ட மனு எதுவரை செல்லும் என்று சொல்கிறது. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது மூன்றாவது, ஐ-94. விமானத்தில் வருகிறவர்களுக்கு 2013-க்குப் பிறகு இது காகிதமாகவே கொடுக்கப்படுவதில்லை. எல்லைக் காவல் துறையின் இணையப் பக்கத்தில் நாமே போய் இறக்கிக்கொள்ள வேண்டும். கையில் தராத காகிதத்தை யார் தேடிப் பார்ப்பார்கள்? அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறது என்றால் விமான நிலைய அதிகாரி ஐ-94-ஐ அந்தத் தேதியோடு வெட்டிவிடுவார். அவர் செய்தது தப்பு இல்லை, விதிப்படிதான். பிற்பாடு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீளாது. ஒரு பாஸ்போர்ட் அலுவலகமோ தூதரகமோ இதை உங்களிடம் சொல்லாது, அது அவர்கள் வேலை இல்லை.

குழந்தைகளுக்கு இது இன்னும் அடிக்கடி நடக்கும். இந்தியப் பாஸ்போர்ட் பெரியவர்களுக்குப் பத்து வருடம், சிறுவர்களுக்கு ஐந்தே வருடம். அப்பா அம்மாவுக்கு 2027 வரை, பிள்ளைக்கு மட்டும் அடுத்த மார்ச் வரை என்று ஒரே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்த குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. என் சொந்த மகனுக்கே ஒரு தடவை இப்படி ஆனது. நான் வக்கீல் என்பதால் பெட்டி வரும் பெல்ட் பக்கத்தில் நின்று ஃபோனில் தேதியைப் பார்த்தேன், இல்லாவிட்டால் நானும் உங்களைப்போல ஒரு கவுன்டரில்தான் தெரிந்துகொண்டிருப்பேன்.

சரி, உங்கள் மனைவியின் கணக்கு. 2024 ஆகஸ்ட் 18-க்கு அடுத்த நாளிலிருந்து அவர் சட்டவிரோதமாகத் தங்கிய நாட்கள் ஓடுகின்றன. 180 நாளைத் தாண்டி, ஒரு வருடம் ஆவதற்குள் தானாக நாட்டைவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் பத்து வருடத் தடை. 1996-இல் கிளின்டன் காலத்தில் வந்த சட்டம், 1997 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அவருக்கு ஒரு வருடம் முடிந்தது 2025 ஆகஸ்டில். அந்தக் கவுன்டர் பெண்மணி இரண்டு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் மூன்று வருடத் தடையோடு போயிருக்கும். 2025 பிப்ரவரி தொடக்கத்தில், நீங்கள் திருச்சிக்குப் போன அந்த வாரத்தை ஒட்டி யாராவது சொல்லி, அவரும் கிளம்பியிருந்தால் தடையே வந்திருக்காது. இதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் நாள் கணக்கு எவ்வளவு கறாரானது என்று புரிந்தால்தான் அடுத்ததைச் சரியாகச் செய்வீர்கள்.

இந்தத் தடைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. நாட்டுக்குள் இருக்கும்வரை அது தூங்கிக்கொண்டிருக்கும். வெளியே கால் வைத்த நிமிடம் எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான், எவ்வளவு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, உடனே ஊருக்குப் போய்ச் சுத்தமாகத் திரும்பி வருவோம் என்ற நம் நல்ல பிள்ளை புத்தி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கே குழி பறிக்கிறது.

போவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எச்-4 நீட்டிப்புக்கான ஐ-539 விண்ணப்பத்தைக் கெடு முடிந்த பிறகும் போடலாம், தாமதத்தை மன்னித்துப் பழைய தேதியிலிருந்தே நீட்டித்துத் தரச்சொல்லிக் கேட்கலாம். லத்தீனில் நன்க் ப்ரோ டன்க் என்பார்கள், அப்போது செய்ததாகவே இப்போது எடுத்துக்கொள் என்று அர்த்தம். கிடைத்தால் இந்தப் பதினான்கு மாதமும் சட்டப்படி இருந்ததாகிவிடும், தடையும் போய்விடும். இதற்கு அவர்கள் பார்ப்பது: தாமதம் உங்கள் கைமீறிய அசாதாரணக் காரணத்தால் வந்ததா, தாமதத்தின் அளவு அந்தக் காரணத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதா, வேறு எந்த மீறலும் இல்லாமல் இருக்கிறாரா, நாடுகடத்தும் வழக்கு ஏதும் நடக்கிறதா. உங்கள் மனைவி வேலைக்குப் போனதாக நீங்கள் எழுதவில்லை. போகவில்லை என்றால் அது பெரிய பலம். எச்-4 வேலை அனுமதி அட்டை வாங்கி, ஐ-94 முடிந்த பிறகும் ஒரு நாளாவது வேலை செய்திருந்தால் அதை வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது சங்கடமான இடம். 2024 மே மாதம் கம்பெனி வக்கீல் கேட்டார், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அன்று போட்டிருந்தால் கட்டணம் 470 டாலர், ஆன்லைனில் 420. ஒப்புதல் வந்திருந்தால் அந்தத் தாளின் அடியிலேயே புது ஐ-94 இருந்திருக்கும், இந்தக் கடிதமே வந்திருக்காது. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. கைமீறிய காரணம் என்று நாம் சொல்லும்போது, அந்த மின்னஞ்சல் எதிராக நிற்கும். இருந்தாலும் மறைக்கக் கூடாது. அவர் ஏன் கேட்டார் என்று எழுதியிருந்தாரா பாருங்கள். ஐ-94 தேதியைக் குறிப்பிட்டு எச்சரித்திருந்தால் நம் வாதம் மெலிந்துவிடும். குடும்பத்துக்கும் சேர்த்துப் போடலாமா என்று வழக்கமாகக் கேட்கிற ஒற்றை வரி மட்டும் என்றால், ஸ்டாம்ப் தேதியைப் பார்த்து நம்பியது ஒரு சாதாரண மனிதரின் நேர்மையான தவறு என்று சொல்ல இடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கெடு முடிவதற்குள் புதுப்பித்த ரசீது, லைசென்ஸ் அலுவலகத்தில் தெரியவந்த நாளுக்கான அத்தாட்சி, தெரிந்ததும் உடனே வக்கீலைப் பார்த்ததற்கான சான்று, இவையெல்லாம் சேர்த்து வையுங்கள். தெரிந்த பிறகு நீங்கள் சும்மா இருக்கும் ஒவ்வொரு வாரமும் விண்ணப்பத்தைப் பலவீனமாக்கும். ஆகவே இந்த மாதமே.

இது கிடைக்கும் என்று உறுதி கொடுக்கிற வக்கீலிடம் போகாதீர்கள். கிடைத்ததையும் பார்த்திருக்கிறேன், இதைவிடப் பலமான காரணத்தோடு போய்க் கிடைக்காததையும் பார்த்திருக்கிறேன். முழுக்க அவர்கள் விருப்பம், மறுத்தால் அப்பீலும் கிடையாது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் மட்டும் நாள் கணக்கு நிற்காது, கெடுவுக்குள் போட்டவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. இன்னொன்று, 2025 பிப்ரவரி முதல் குடியேற்றத் துறையின் கொள்கை மாறியிருக்கிறது. ஒரு விண்ணப்பம் மறுக்கப்பட்டு, அந்த ஆளுக்கு இங்கே இருக்க வேறு அனுமதி இல்லை என்றால், குடியேற்ற நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம். முன்பு மறுத்துவிட்டு விட்டுவிடுவார்கள், இப்போது அப்படி நம்ப முடியாது. இந்த ஆபத்தையும் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டீஸ் வந்தால் அந்தத் தேதியில் கட்டாயம் ஆஜராக வேண்டும். வராவிட்டால் அவர் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி, அப்பாவைப் பார்க்காமல் என்னால் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது என்று சொன்னால், அது தப்பான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் கிரீன் கார்டுக்காக அப்பாவின் காரியத்துக்குக்கூடப் போகாமல், வீடியோ காலில் பார்த்துவிட்டு அழுததை என் அலுவலகச் சோபாவில் பார்த்திருக்கிறேன். ஆனால் பத்து வருடம் என்று தெரிந்து போக வேண்டும், தெரியாமல் போய்ச் சென்னை தூதரக ஜன்னலில் தெரிந்துகொள்ளக் கூடாது.

போனாலும் கதவு முழுக்க மூடிவிடாது. எச்-4 மாதிரித் தற்காலிக விசாக்களுக்கு 212(டி)(3) என்று ஒரு விலக்கு இருக்கிறது. இதற்கு அமெரிக்கச் சொந்தக்காரர் யாரும் வேண்டாம். நேர்காணலில் அதிகாரி முதலில், உங்களுக்குத் தடை இருக்கிறது என்று சொல்வார். அங்கேயே விலக்குக்குப் பரிந்துரை செய்யும்படி நாம் கேட்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் கோப்பு அமெரிக்காவில் எல்லைக் காவல் துறையின் தனிப் பிரிவுக்குப் போகும். 1978-இல் வந்த ஹ்ரான்கா தீர்ப்பு வைத்த அளவுகோல்தான் இன்றும்: இவரை உள்ளே விட்டால் சமூகத்துக்கு ஆபத்து உண்டா, செய்த மீறல் எவ்வளவு பெரியது, எதற்காக வருகிறார். பாஸ்போர்ட் தேதியோடு வெட்டிய ஐ-94-ஐக் கவனிக்காத இல்லத்தரசி, குற்றப் பதிவு இல்லை, ஆறு வயதுப் பிள்ளை டல்லஸில். இந்த மூன்றிலும் அவர் நிலை நன்றாகவே இருக்கிறது. ஆனால் பரிந்துரைப்பது அந்த அதிகாரியின் இஷ்டம், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பையன் யாரோடு இருப்பான் என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம் கிரீன் கார்டு. இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். பையன் அமெரிக்கக் குடிமகன், அவனைக் காட்டினால் அம்மாவை விட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தப் பத்து வருடத் தடைக்கான நிரந்தர விலக்கைக் கேட்க, குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ ஆன கணவன், மனைவி அல்லது பெற்றோர் வேண்டும். பிள்ளை கணக்கில் வராது. உங்களுக்குக் கிரீன் கார்டு கிடைத்த பிறகு நீங்கள் அந்தக் கணக்கில் வருவீர்கள், உங்கள் மகன் அல்ல. பையன் தானே அம்மாவுக்கு மனுப் போடலாம், இருபத்தொரு வயது ஆன பிறகு. அப்போது அம்மா நாட்டைவிட்டு வெளியே போகாமல் இருந்திருந்தால், முறையாக விமான நிலையம் வழியாக உள்ளே வந்தவர் என்பதால் தங்கிய காலம் மன்னிக்கப்படும். உங்கள் கணக்குக்கு அது 2040. பதினைந்து வருடம் லைசென்ஸ் இல்லாமல், ஊருக்குப் போகாமல், ஒவ்வொரு சைரனுக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டு. இதை ஒரு திட்டம் என்று உங்களிடம் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

உங்கள் முறை வரும்போது வேலை வழிக் கிரீன் கார்டுக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்க, கடைசியாக உள்ளே வந்த நாளிலிருந்து அந்தஸ்து (தங்குவதற்கான சட்டப்படியான நிலை) இல்லாமல் இருந்தது மொத்தம் 180 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. மனைவிக்கு அது தாண்டிவிட்டது. பழைய தேதி நீட்டிப்புக் கிடைத்தால் இதுவும் சரியாகும். அல்லது விலக்கு வாங்கிப் புது எச்-4-இல் திரும்பி வந்தால் இந்த 180 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், பத்து வருடத் தடை மட்டும் பாக்கி நிற்கும். 2022 ஜூனில் குடியேற்றத் துறை ஒரு விளக்கம் கொடுத்தது: கிளம்பிய நாளிலிருந்து பத்து வருடம் என்பது, நடுவில் சட்டப்படி உள்ளே வந்து இங்கேயே இருந்தாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். இந்தியர்களுக்கான வரிசை நகர்கிற வேகத்தில் உங்கள் முறை வருவதற்குள் அந்தப் பத்து வருடம் முடிந்துவிடவும் கூடும். அந்த வரிசையால் நமக்கு ஒரு நன்மை என்று என் வாழ்நாளில் சொல்ல முடிந்தது இது ஒன்றுதான்.

மகள் கதை வேறு. பதினெட்டு வயது ஆகும்வரை சட்டவிரோதமாகத் தங்கிய நாட்களே அவளுக்கு எண்ணப்படாது. அதனால் போனால் மூன்று வருடம், பத்து வருடம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அவளுக்கு இப்போது அந்தஸ்தும் இல்லை, இதைப் பதினெட்டு வரை தள்ளிப்போடவும் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஆகாது, டெக்சாஸிலிருந்தே போய் 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்குதான் அதற்குப் பாதுகாப்பு. கல்லூரியில்தான் இடிக்கும். அந்தஸ்து இல்லாத பிள்ளைகளுக்கும் டெக்சாஸில் உள்ளூர்க் கட்டணம் என்று 2001 முதல் இருந்த ஏற்பாடு 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவோடு நின்றுவிட்டது. இரண்டு வருடத்தில் அவள் ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கோ வேறு எங்கோ விண்ணப்பிக்கும்போது இது எத்தனை ஆயிரம் டாலர் வித்தியாசம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மகள் போக வேண்டும். ஐ-94 தேதியைத் தாண்டித் தங்கியதால் அவள் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஸ்டாம்ப், 2026 என்று அச்சடித்திருந்தாலும், சட்டப்படி செத்துவிட்டது. அதைக் காட்டி விமானம் ஏற வேண்டாம், சென்னையில் புது எச்-4 ஸ்டாம்ப் போட்டுத்தான் வர வேண்டும். படிவத்தில், எப்போதாவது அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் தங்கினீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று எழுதுங்கள், இரண்டு வரியில் காரணம் சொல்லுங்கள். அந்த இடத்தில் இல்லை என்று எழுதினால் பொய் சொன்னதற்கான தடை வரும், அது வாழ்நாள் முழுக்க. டிசம்பர் 14 என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம் என்று முதலில் சொன்னது இந்த ஸ்டாம்ப் நேர்காணலுக்காகத்தான், அதன் தேதி கையில் வராமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் முடியும் என்று நம்பிப் போனால் பிள்ளை வகுப்பை விட்டுவிட்டு பாட்டி வீட்டில் உட்கார்ந்திருப்பாள். மனைவிக்குப் போடும் ஐ-539-இல் மகளையும் சேர்க்கச் சொல்லி வேறு வக்கீல் சொல்லலாம், அதிலும் ஒரு நியாயம் உண்டு. நான் சேர்க்க மாட்டேன். வெளியே போய் வந்தாலே தீரும் விஷயத்துக்கு ஏன் மறுப்புக் கடிதம் வாங்க வேண்டும்?

மனைவி இங்கே இருக்கும்வரை சில சில்லறை எச்சரிக்கைகள். லைசென்ஸ் முடிந்துவிட்டது என்றால் அவர் வண்டி எடுக்கவே கூடாது, பள்ளிக்கூட வரிசைக்குக்கூட வேண்டாம். டெக்சாஸில் ஒரு சின்ன ட்ராஃபிக் நிறுத்தம் எங்கே போய் முடியும் என்று இன்றைய தேதியில் சொல்ல முடியாது. வசந்த விடுமுறைக்கு எல்லோரும் போகிறார்களே என்று மெக்சிகோ எல்லையை ஒட்டிய சவுத் பாட்ரே தீவுக்குக் கிளம்பாதீர்கள். அது நாட்டுக்குள்தானே இருக்கிறது என்பீர்கள், திரும்பி வடக்கே வரும் வழியில் ஃபால்ஃபுரியாஸிலும் சரீட்டாவிலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது, ஒவ்வொரு வண்டியாக நிறுத்திக் கேட்பார்கள். அசைலம் (அடைக்கலம்) கேட்டு மனுப் போட்டுவிட்டால் வேலை அனுமதியே கிடைக்கும் என்று தமிழ் வாட்ஸாப் குழுக்களில் ஒரு ஆள் சுற்றுவார். உள்ளே வந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டியது அது, உங்களுக்கு அதற்கான காரணமும் இல்லை. பொய்க் கதையோடு போட்டது என்று நீதிபதி முடிவு செய்தால் பிறகு எந்தச் சலுகையும் எந்நாளும் கிடையாது.

கம்பெனி வக்கீல் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் முதல் விசுவாசம் சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு. மனைவிக்குத் தனியாக ஒரு குடியேற்ற வக்கீல் பிடியுங்கள். டெக்சாஸ்காரராக இருக்க வேண்டியதில்லை, இது மத்திய அரசுச் சட்டம், எந்த மாநிலத்து பாரில் (வக்கீல் சங்கத்தில்) பதிவு செய்தவரும் செய்யலாம். பதிவு உண்டா என்று அந்த மாநில பாரின் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்கிற கன்சல்டன்ட் வேண்டாம்.

இதே மாதிரி வேறு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன, அவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. பேரப்பிள்ளை பார்க்க பி-2 சுற்றுலா விசாவில் வந்த அம்மா ஆறு மாதம் தாண்டித் தங்கிவிட்டார் என்று எழுதியவருக்கு: நீங்கள் குடிமகனாக இருந்தால் அம்மா இங்கிருந்தே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம், தாண்டிய காலம் மன்னிக்கப்படும், முடியும்வரை அவர் வெளியே போகக் கூடாது. நீங்களே கிரீன் கார்டில் இருந்தால் பெற்றோருக்கு மனுப் போடவே முடியாது, அப்போது 180 நாள் தாண்டுவதற்குள் அவரை அனுப்பிவிடுங்கள். வேலை போய் நாலு மாதமாகிறது என்று எழுதியவருக்கு: 60 நாள் சலுகைக் காலம் முடிந்துவிட்டதால் உங்களுக்கு அந்தஸ்து இல்லை, ஆனால் ஐ-94 தேதி இன்னும் முடியவில்லை என்றால், அரசு எழுத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, தடைக்கான நாட்கள் இன்னும் தொடங்கவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்கிறீர்கள், இரண்டும் வேறு. கிளம்புவதென்றால் ஐ-94 முடிவதற்குள் கிளம்புங்கள்.

திருச்சிக்காரரே, இனி உங்கள் டிக்கெட். மகளோடு போக வேண்டியது நீங்கள். எனக்குப் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மற்ற எல்லோருடைய தேதியையும் நாள் சுத்தமாகக் கொடுத்துவிட்டு உங்கள் ஐ-94 தேதியை மட்டும் எழுதவில்லை. 2024-இல் கம்பெனி மாறியபோது வந்த ஐ-797-இன் அடியில் இருக்கும் தேதியைத்தான் மனதில் வைத்திருப்பீர்கள். அதற்குப் பிறகு இந்தப் பிப்ரவரியில் வெளியே போய்த் திரும்பி வந்திருக்கிறீர்கள், அன்றே அந்தத் தேதி போய்விட்டது. கடைசியாக உள்ளே வந்தபோது கொடுத்ததுதான் இப்போது உங்களுடையது, நீங்கள் அன்று நீட்டிய பாஸ்போர்ட் 2026 மார்ச்சில் முடிகிறது. இந்தக் கடிதத்தை மூடிவிட்டு இப்போதே எடுத்துப் பாருங்கள். மார்ச் என்று இருந்தால் இன்னும் நாலு மாதம் இருக்கிறது, பதற வேண்டாம்: பாஸ்போர்ட்டை முதலில் ஹூஸ்டன் வழியாகவே புதுப்பித்துக் கையில் வாங்குங்கள், சென்னை வரை தள்ளாதீர்கள். பழைய பாஸ்போர்ட்டில் உங்கள் ஸ்டாம்ப் செல்லும், இரண்டையும் புதுக் கம்பெனியின் ஐ-797-ஐயும் சேர்த்து எடுத்துக்கொண்டு மகளோடு போங்கள். திரும்பி இறங்கியதும், பெட்டி வருவதற்கு முன்னால், இரண்டு பேருடைய ஐ-94-ஐயும் ஃபோனில் திறந்து பார்த்துவிட்டு மனைவிக்கு அனுப்புங்கள்.